விளம்பரம் ‘ஆட்டோமேட்டிக்’ என்கிறது. லீவரில் ‘பி’ இருக்கிறதா?

கேள்வி: வணக்கம் தம்பி. எனக்கு 62 வயது, மனைவிக்கு 58. இங்கிலாந்தில் கவென்ட்ரியில் இருக்கிறோம். அடுத்த வசந்தத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். மோட்டார்ஹோம் வாங்கி முதலில் ஸ்காட்லாந்து, அப்புறம் ஆல்ப்ஸ் பக்கம் போக ஆசை. இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் ஃபியட் டுக்காட்டோ, ஏறத்தாழ 7 மீட்டர் நீளம், 3,500 கிலோ. முதல் வண்டி 2016 மாடல், ஆறு கியர் மேனுவல், 43,000 பவுண்டு. இரண்டாவது 2017, ‘ஆட்டோமேட்டிக்’ என்று விளம்பரத்தில் இருக்கிறது, 46,500 பவுண்டு. நாற்பது வருஷமாக மேனுவல்தான் ஓட்டுகிறேன், அதுதான் பிடிக்கும். ஆனால் மச்சான், “மேனுவல் மோட்டார்ஹோமை இனிமேல் எவனும் சீந்த மாட்டான், விற்கும்போது தெரியும்” என்று பயமுறுத்துகிறார். மனைவி ஆட்டோமேட்டிக் காரில்தான் தேர்வு கொடுத்து லைசென்ஸ் வாங்கினாள். தான் ஓட்டப் போவதில்லை என்கிறாள். எதை வாங்கலாம்?

பதில்:

அண்ணா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மச்சான் சொன்னதுதான் பெரிய கவலை என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கண்ணில் பட்டது வேறு இரண்டு விஷயம். அண்ணியின் லைசென்ஸ் ஒன்று. ‘2017 ஆட்டோமேட்டிக்’ என்கிற அந்த விளம்பரம் இன்னொன்று. விற்பனை விலையைப் பிறகு பேசுவோம், அது அவ்வளவு சிக்கலான கணக்கு இல்லை.

முதலில் விளம்பரம். டுக்காட்டோவில் நாம் சாதாரணமாக ஆட்டோமேட்டிக் என்று சொல்கிற, டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஒன்பது கியர் பெட்டி வந்ததே 2019-இல்தான். ஆக, 2017 டுக்காட்டோ ஆட்டோமேட்டிக் என்றால் அது ‘கம்ஃபர்ட்-மேட்டிக்’. வண்டியைப் பார்க்காமலே இதைச் சொல்லிவிடலாம். நிச்சயப்படுத்திக்கொள்ள விளம்பரப் படத்தில் கியர் லீவரைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘ஆர்’ (ரிவர்ஸ்) இருக்கும், ‘என்’ (நியூட்ரல்) இருக்கும், ‘பி’ (பார்க்) இருக்காது. நிறுத்திவிட்டு இறங்கும்போது கியரில் விட்டு, கை பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், மேனுவலில் செய்வது போலவே.

செய்வது போலவே என்ன, அது மேனுவல்தான். அதே ஆறு கியர் பெட்டி, அதே கிளட்ச் தட்டு. கிளட்ச் பெடலை மட்டும் எடுத்துவிட்டு, உங்கள் இடது காலும் இடது கையும் செய்கிற வேலையை ஹைட்ராலிக் பிஸ்டனிடம் கொடுத்திருக்கிறார்கள். ரோபோ ஒன்று உள்ளே உட்கார்ந்து கிளட்ச் மிதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் அந்த ரோபோ கெட்டிக்காரன். மெதுவாக ஊர வேண்டிய இடத்தில்தான் தடுமாறுவான். கிளட்ச் தேய்மானம் மேனுவலில் எப்படியோ அப்படித்தான். அதோடு அந்த ஹைட்ராலிக் சாமானும் பழுதாகலாம். விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. கிளட்ச் பெடல் இல்லாத வண்டி சட்டப்படி ஆட்டோமேட்டிக்தான். ஆனால் நீங்கள் வாங்கப்போவது இன்னதென்று தெரிந்து வாங்க வேண்டும்.

ஆட்டோ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று சாதி உண்டு. டார்க் கன்வெர்ட்டர் வகையில் இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே எண்ணெய்தான் சக்தியைக் கடத்துகிறது. ஊர்ந்து போகும்போது உரசித் தேய்வதற்குக் கிளட்ச் தட்டு கிடையாது. மெர்சிடிஸ் ஸ்பிரிண்டரில் இது வெகுநாளாக இருக்கிறது. இரட்டைக் கிளட்ச் வகை ஃபோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா மாதிரி சின்ன கேம்பர்களில் பார்க்கலாம். மூன்றாவது, மேலே சொன்ன ரோபோ. ‘ஆட்டோ வாங்கலாமா, மேனுவல் வாங்கலாமா’ என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, எந்த ஆட்டோ என்பதுதான்.

இந்த நிலைமை எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மச்சானின் பேச்சுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஐரோப்பிய மோட்டார்ஹோமின் முன்பாதி ஒரு சரக்கு வேன். இத்தாலியில் அத்தெஸ்ஸா என்ற ஊரில் இருக்கும் ஒரு தொழிற்சாலையில் ஃபியட் டுக்காட்டோ, பிஜோ பாக்ஸர், சிட்ரோயன் ரிலே மூன்றும் ஒரே உடம்போடு வெளியே வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பொட்டலம் சுமக்கவும், குழாய் வேலைக்காரரின் சாமான் சுமக்கவும் போகும். அந்த வேன்களை நூற்றுக்கணக்கில் வாங்கும் கம்பெனிகளுக்கு விலை குறைவாக இருக்க வேண்டும், பழுது பார்ப்பது எளிதாக இருக்க வேண்டும், மேனுவல் போதும். மோட்டார்ஹோம் கட்டுபவர்கள் கிடைத்த வேனில் வீட்டைக் கட்டினார்கள். பாக்ஸரில் கட்டிய பிரிட்டிஷ் மோட்டார்ஹோம்களைப் பாருங்கள், பல வருஷத்துக்கு ஆட்டோ என்ற பேச்சே இல்லை, கேட்டாலும் கிடைக்காது. ஆகவே ஐரோப்பியர்கள் மேனுவல் மேல் ஆசைப்பட்டு மேனுவல் மோட்டார்ஹோம் வாங்கினார்கள் என்று எண்ண வேண்டாம். கடையில் இருந்ததை வாங்கினார்கள்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே பெரிய மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் பெரிய பெட்ரோல் இன்ஜின் சேஸியிலோ, ஆலிசன் கம்பெனியின் ஆட்டோ கியர் பெட்டி வைத்த டீசல் சேஸியிலோ நிற்கின்றன, ஏறத்தாழ எல்லாம் ஆட்டோ. எழுபது, எண்பதுகளில் டொயோட்டா பிக்கப்பின் மேல் கட்டிய குட்டி மோட்டார்ஹோம்களில் மேனுவல் இருந்தது. நான்கு சிலிண்டர் இன்ஜின், முதுகில் ஒரு வீடு. மேட்டில் பின்னால் வருகிறவர்கள் பாடு திண்டாட்டம். இன்றைக்கும் அவற்றைத் தேடி வாங்குகிற பிரியர்கள் உண்டு, அது பழைய வண்டிப் பித்து. நம் கணக்கில் சேராது.

சரி, மேனுவல் பிடிக்கும் என்கிறீர்கள். நானும் நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் கிரீஸ் துடைத்து வளர்ந்தவன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் லாரியில் ஏறி இறங்கியிருக்கிறேன். கியர் மாற்றுவதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுகம் காரில் கிடைப்பது போல மூன்றரை டன் வீட்டில் கிடைக்காது. நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் போட்டுவிட்டால் அப்புறம் மணிக்கணக்கில் தொட வேண்டியதில்லை. கியரும் கிளட்சும் ஞாபகத்துக்கு வருவது மூன்றே இடத்தில்: நகர நெரிசலில், மலையில், முகாம் இடத்தில் கடைசி 20 அடியில்.

அந்தக் கடைசி 20 அடியைப் பற்றி யாரும் விற்பனைக் கடையில் பேசுவதில்லை, ஆனால் என்னிடம் வருகிற கிளட்சுகளில் பாதி அங்கேதான் சாகின்றன. மாலை ஆறரை மணி, தூறல். உங்களுக்குக் கொடுத்த இடம் லேசாகச் சரிந்திருக்கிறது. இரவு படுத்தால் தலை கீழே கால் மேலே என்று ஆகிவிடும், ஃபிரிட்ஜும் சரியாக வேலை செய்யாது. அதற்காக இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் ராம்ப். படிப்படியாக உயரும் ஆப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்து, ரிவர்ஸில் ஏற்றி, சரியாக நடுப்படியில் நிறுத்த வேண்டும். அண்ணி வெளியே குடையோடு நிற்கிறார். “வாங்க, வாங்க, இன்னும் கொஞ்சம்… போதும், போதும்!” நீங்கள் பாதிக் கிளட்சில் பிடித்துக்கொண்டு ஒரு அங்குலம் ஏற்றுகிறீர்கள். போதவில்லை. இன்னொரு அங்குலம். ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீர்கள், சட்டென்று ஏறி ராம்பைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் தடவை அந்த வாடை வரும். லாரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த, கிளட்ச் கருகுகிற வாடை. உள்ளே அண்ணி போட்டு வைத்த பிரியாணி வாசனையோடு கலந்து வந்தாலும் அதை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

மேனுவலில் இதைச் சமாளிக்க வழி இருக்கிறது: ராம்பை நேராக வைப்பது, ஒரே மூச்சில் ஏறிச் சட்டென்று நிறுத்துவது, இரண்டு முறைக்கு மேல் முயற்சிக்காமல் பத்து நிமிஷம் ஆற விடுவது. பழகிய கால் இதைச் செய்துவிடும். டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோவில் இந்த வேலை குழந்தை விளையாட்டு. பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தால் அதுவே ஊரும். மூன்றில் மோசம் ரோபோதான். உங்கள் கால் உணர்கிற அந்தப் பிடிக்கும் புள்ளி அதற்குத் தெரியாது. கொஞ்சம் மிதித்தால் தயங்கும், இன்னும் மிதித்தால் பாயும். அதை ஓட்டத் தெரிந்தவர்கள் முன்னால் ஏற்றவே பார்ப்பார்கள், அல்லது ராம்பே வேண்டாமென்று சமதளமான இடம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

மலைக்கு வருவோம். ஸ்காட்லாந்து என்றதும் நீங்கள் வட ஸ்காட்லாந்தைச் சுற்றி வரும் நார்த் கோஸ்ட் 500 பாதையைத்தான் நினைத்திருப்பீர்கள். அதில் ஆப்பிள்கிராஸ் என்ற ஊருக்குப் போகும் பியலாக் ந பா கணவாய் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் ஏறும், ஐந்துக்கு ஒன்று என்ற சரிவு, ஒற்றை வழி, கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் பெரிய பலகை: புதிதாக ஓட்டக் கற்பவர்கள், மிகப் பெரிய வாகனங்கள், கேரவன்கள் முதல் மைலுக்கு அப்பால் வர வேண்டாம் என்று. 7 மீட்டர் வண்டியோடு அங்கே ஏறாதீர்கள், கியர் எதுவாக இருந்தாலும். ஷீல்டெய்க் வழியாகக் கரையோரப் பாதை இருக்கிறது, சுற்றுதான், ஆனால் நிம்மதி. எதிரே வண்டி வந்து, நீங்கள் வளைவிலிருந்து பின்னோக்கி மேட்டில் ஏற வேண்டி வந்தால், வண்டியின் பாரம், ரிவர்ஸ் கியர், பாதிக் கிளட்ச் மூன்றும் சேர்ந்து வேலை காட்டும். அங்கே நின்று கிளட்சைப் பலி கொடுத்தவர்களின் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆல்ப்ஸில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் பரீட்சை. ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர், ஒரு பக்கத்தில் மட்டும் 48 வளைவு. வளைவுக் கணக்கில் கொல்லிமலை ஜெயிக்கிறது, உயரத்தில் தோற்கிறது. பட்டறையில் எங்கள் மேஸ்திரி சொல்வார், எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று. மேனுவலில் இரண்டில் போட்டுவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும், பிரேக் அவ்வளவாகச் சூடாகாது. இந்த இடத்தில் மேனுவல்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள். நியாயம்தான். ஆனால் ஒன்பது கியர் ஆட்டோவிலும், உங்கள் கம்ஃபர்ட்-மேட்டிக்கிலும் லீவரைத் தட்டி கையால் கியர் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தாமல் ‘டி’யிலேயே விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்களால்தான் ஆட்டோவுக்குக் கெட்ட பெயர்.

நகர நெரிசலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எம்6 நெடுஞ்சாலையில் வெள்ளிக்கிழமை மாலை மாட்டிக்கொண்ட உங்கள் இடது முழங்காலைக் கேளுங்கள். வேனில் உட்காரும் விதம் நாற்காலி மாதிரி நிமிர்ந்து இருக்கும், கிளட்சைக் கீழ்நோக்கி மிதிக்க வேண்டும். காரில் பழகிய கால் முதல் வாரம் முனகும். இன்னொன்று, டுக்காட்டோவில் கியர் லீவர் டாஷ்போர்டில் இருக்கும், கை பிரேக் கதவுப் பக்கம் இருக்கும். உட்கார்ந்தபடியே பின்னால் வீட்டுக்குள் நடந்து போக வழி விட்டிருக்கிறார்கள், அதற்காகத்தான். மேட்டில் கிளம்பும்போது வலது கையில் பிரேக், இடது கையில் கியர் என்று முதலில் கொஞ்சம் குழப்பும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

இப்போது அண்ணி.

அவருடைய லைசென்ஸ் அட்டையின் பின்புறம் 12-ஆம் பத்தியில் 78 என்ற எண் இருக்கும். ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டலாம் என்பதற்கான குறி அது. மேனுவல் வண்டியை அவர் அவசரத்துக்குக்கூட ஓட்ட முடியாது. ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகக் கணக்கு, இன்ஷூரன்ஸும் நிற்காது. “நான் ஓட்டப் போவதில்லை” என்று அவர் சொல்வது இன்றைக்கு. மோட்டார்ஹோம் பழுதுபார்த்து விற்கிற இந்தத் தொழிலில் ஏழெட்டு வருஷத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தம்பதி, உங்கள் வயதுதான், பிரான்ஸின் தெற்கே போயிருந்தார்கள். அவருக்கு ஒரு காலையில் முதுகு பிடித்துக்கொண்டது. படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. பெரிய வியாதி ஒன்றுமில்லை, நாலு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த நாலு நாளும் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அந்த அம்மாவிடம் இருந்ததும் 78 எண் லைசென்ஸ். தண்ணீர் தொட்டி காலி, கழிப்பறைப் பெட்டி நிறைந்துவிட்டது, கடைக்கு நடந்து போக இரண்டு மைல். ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை மேனுவலை விற்றது. நான்தான் விற்றுக் கொடுத்தேன். விற்றது, கவனியுங்கள், யாரும் சீந்தாமல் போகவில்லை.

அண்ணி மேனுவல் கற்றுக்கொள்ளலாம், தடையில்லை. ஆட்டோ லைசென்ஸ் இருப்பவருக்கு மேனுவல் கற்க அதுவே பயிலுநர் லைசென்ஸாகச் செல்லும், எல் பலகை மாட்டி நீங்கள் பக்கத்தில் உட்காரலாம். தேர்வுக்கு இடம் கிடைக்கத்தான் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 58 வயதில் கணவரிடம் கிளட்ச் கற்றுக்கொள்வது குடும்ப அமைதிக்கு எவ்வளவு நல்லது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ரோபோ வண்டியில் இந்தப் பிரச்சினை இல்லை. உள்ளே இருப்பது மேனுவல் பெட்டியானாலும், கிளட்ச் பெடல் இல்லாததால் அவர் அதை ஓட்டலாம்.

லைசென்ஸ் பேச்சில் இன்னொன்று. 1997 ஜனவரி 1 முதல் இங்கே கார் தேர்வில் தேறியவர்களுக்கு 3,500 கிலோதான் எல்லை. நீங்கள் எப்போது, எங்கே தேறினீர்கள் என்று எழுதவில்லை, உங்கள் எல்லை என்ன என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டியும் 3,500 என்கிறீர்கள், நல்லது. ஆனால் சில வண்டிகளை முன் உரிமையாளர்கள் 3,650, 3,850 என்று உயர்த்திப் பதிவு செய்திருப்பார்கள். பதிவுத் தாளில் பாருங்கள். ஆட்டோ பெட்டிகள் கொஞ்சம் எடை கூடியவை. ஏற்கெனவே சாமான் எடைக்கு இடம் குறைவான வண்டியில் அந்தக் கொஞ்சமும் கணக்கில் வரும்.

மச்சானின் பயம். மேனுவல் விற்கும். இங்கிலாந்தின் பழைய மோட்டார்ஹோம் சந்தையில் நிற்பவற்றில் பெரும்பங்கு மேனுவல்தான், அதை வாங்கவும் ஆள் இருக்கிறது. ஆனால் மோட்டார்ஹோம் வாங்க வருகிறவர்கள் யார் என்று யோசியுங்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், இருவராக வருகிறவர்கள், முழங்கால் தேய்ந்தவர்கள். இளையவர்களில் ஆட்டோவில் மட்டும் தேர்வு கொடுக்கிறவர்கள் வருஷா வருஷம் கூடுகிறார்கள். ஆகவே ஒரே வயது, ஒரே அமைப்பு, ஒரே விலையில் இரண்டு நின்றால் ஆட்டோவுக்குத்தான் முதலில் போன் வரும். மேனுவல் இன்னும் சில வாரம் நிற்கும், அல்லது விலை கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தை மச்சான் நஷ்டம் என்று சொல்கிறார். அது உங்களுக்கு வாங்கும்போதே கிடைத்துவிட்டதே! 3,500 பவுண்டு குறைவாக வாங்கி, விற்கும்போது ஏறத்தாழ அதையே குறைத்துக் கொடுக்கிறீர்கள். நடுவில் பத்து வருஷம் அந்தப் பணம் உங்கள் கையில்தான் இருந்தது. விலைக்காக மட்டும் மேனுவலை ஒதுக்க வேண்டியதில்லை.

என் அனுபவத்தில் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது கட்டிலை. நிரந்தரக் கட்டிலா, தினமும் விரித்து மடக்க வேண்டுமா, இரவில் ஒருவர் எழுந்தால் இன்னொருவரைத் தாண்டிப் போக வேண்டுமா? அடுத்து கழிப்பறை. கியர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும். அப்புறம், அண்ணா, கியரைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் ஈரத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை! எட்டு, ஒன்பது வயதான மோட்டார்ஹோமைக் கொல்வது ஈரம். சுவரின் மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் ஈரமானி வைத்து அளந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, 20-ஐத் தாண்டினால் காரணம் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கிளட்ச் மாற்றினால் ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும், கிளட்ச் தட்டு ஒட்டிப் பிடிக்கிற கனத்த சக்கரமான ஃப்ளைவீலும் போயிருந்தால் இன்னும் கூடும். ஈரம் உள்ளே இறங்கிய சுவரைப் பிரித்துக் கட்டுகிற செலவின் முன் அது ஒன்றுமில்லை.

ஆக, உங்களுக்கு என் யோசனை. மேனுவலை விடுங்கள்; காரணம் அண்ணி மட்டும்தான். அவர் மேனுவல் லைசென்ஸ் வைத்திருந்தால், “வாங்கிப் போடுங்கள், நன்றாக ஓட்டுங்கள்” என்று நாலு வரியில் முடித்திருப்பேன். 2017 வண்டியைப் போய்ப் பாருங்கள். அதுதான் வாங்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். இதே பணத்துக்குச் சில வருஷம் பழைய ஸ்பிரிண்டர் ஆட்டோ கிடைத்தால், உள்ளே சற்று இடம் குறைந்தாலும், அதையும் ஓட்டிப் பாருங்கள். 2020-க்குப் பிந்தைய ஒன்பது கியர் டுக்காட்டோ உங்களுக்கு எல்லாவற்றிலும் பொருந்தும், ஆனால் உங்கள் பணத்துக்கு எட்டாது என்று நினைக்கிறேன். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

2017 வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது இதைச் செய்யுங்கள். கடையின் முற்றத்தில் லேசான மேடு எங்காவது இருக்கும். அதில் ரிவர்ஸில் ஏற்றுங்கள். முழு வண்டியும் அதிர்ந்து, தட்டு முட்டுச் சாமான் எல்லாம் கிடுகிடுத்தால் கிளட்சோ ஃப்ளைவீலோ களைத்திருக்கலாம். முன்னோக்கி மேட்டில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, மெதுவாகக் கிளம்புங்கள். எவ்வளவு நேரம் யோசிக்கிறது என்று பாருங்கள். சாலையில் உயர்ந்த கியரில் மேடேறும்போது அழுத்தி மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கியர் மாறும்போது தலை முன்னால் ஆடும். அது பழுது இல்லை, அதன் குணம். மாறப் போகிறது என்று தெரிந்ததும் காலை லேசாகத் தூக்கினால் ஆட்டம் குறையும், மேனுவலில் நாற்பது வருஷம் ஓட்டிய உங்களுக்கு அது ஒரே நாளில் வந்துவிடும். டாஷ்போர்டில் ‘அப்’ என்று ஒரு பொத்தான் இருக்கும், ஏற்றத்தில் அதை அமுக்கினால் இன்ஜின் இன்னும் சுழன்ற பிறகே கியர் மாற்றும். சர்வீஸ் புத்தகத்தில் கிளட்ச் எப்போதாவது மாற்றியதாகக் குறிப்பு இருந்தால் பயப்படாதீர்கள், அது நல்ல செய்தி. கியர் பெட்டியின் ஹைட்ராலிக் பகுதியைப் பார்த்ததாகக் குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது.

அதே முற்றத்தில் அண்ணியையும் பத்து நிமிஷம் ஓட்டச் சொல்லுங்கள். கடையின் இன்ஷூரன்ஸ் அவரையும் சேர்க்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்று மறுப்பார். இருக்கையை உயர்த்தி, முன்னால் தள்ளி, கண்ணாடிகளைச் சரி செய்து கொடுங்கள், ஒரு சுற்று வரட்டும்.

போவதற்கு முந்தைய நாள் கடைக்காரருக்குப் போன் போட்டு, நீங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினிலும் அந்த ரிவர்ஸ் அதிர்வு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.